நாலாம் பக்கம்

செஞ்சி
4.5.2025

அன்புள்ள தம்பி நெடுமாறனுக்கு, அண்ணன் பச்சமுத்து எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மஸ்கட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்கும் மனநிலையில் நான் இன்று இல்லை. கோபம் தணிந்த பிறகு விசாரிக்கிறேன். வழக்கம்போல உன் அண்ணி கமலாம்பாள் இந்தக் கடிதத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உன் செல்லுக்கு அனுப்புவாள். போன முறை மூன்றாம் பக்கத்தை முதலில் அனுப்பிக் குழப்பிவிட்டாள். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எண் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படி.

நேற்று உன் மகள் மோனிகா வந்தாள். "பெரிப்பா, நைனா வீடியோ போட்டிருக்குது பாத்தியா? நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க" என்று செல்லை நீட்டினாள். பாறையிலும் மூழ்கிய கப்பலிலும் அடித்தூண்டில் போட என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று பதினோரு நிமிடம் பேசியிருக்கிறாய். மூன்று முறை பார்த்தேன். முதல் முறை, என் தம்பி என்று பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை ஏதோ உறுத்தியது. மூன்றாம் முறை பார்த்து முடித்தபோது சோறு இறங்கவில்லை.

குட்டையான, வளையாத கம்பு வேண்டும், நீளக் கம்பு பாறைக்கு ஆகாது என்கிறாய். சரி. அதை முதலில் சொன்னது யார்? தூண்டில் முள்ளின் நுனி உள்பக்கமாக வளைந்திருந்தால் அது கல்லைப் பிடிக்காது, மீனின் உதட்டை மட்டும் பிடிக்கும் என்கிறாய். அதற்கு ஜப்பான் முள் என்று ஒரு டப்பாவைக் காட்டுகிறாய். தொண்டூர் போகிற வழியிலுள்ள கல்குவாரிக் குட்டையில் நான் கட்டிங் பிளேயரால் முள்ளை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த ஜப்பான்காரன் எங்கே இருந்தான்? நீதான் பக்கத்தில் மண்புழு டப்பாவோடு உட்கார்ந்திருந்தாய்.

அதைக்கூட விடு. ஈயக்குண்டு கட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். குவாரியை மூடிய வருஷம் தண்ணீரில் கவிழ்ந்து, தூக்க ஆளில்லாமல் அடியிலேயே கிடக்கிற டிராக்டர் டிரெய்லர் உனக்கு நினைவிருக்கும். நமக்கு அதுதான் கப்பல். கெளுத்தியும் விலாங்கும் அதற்குள்தான் குடும்பம் நடத்தும். தூண்டிலை அங்கே இறக்கினால் மீன் வருமோ வராதோ, குண்டு போய் இடுக்கில் மாட்டும். இழுத்தால் முள், குண்டு, தூண்டில் நரம்பு எல்லாம் போகும். ஒரே மாதத்தில் இருபத்திரண்டு முள்ளை விட்டுவிட்டு வந்து, தூக்கமில்லாமல் யோசித்து, நான் கண்டுபிடித்தது என்ன? குண்டை மட்டும் தையல் நூலில் கட்ட வேண்டும். நரம்பு தடிப்பு, குண்டின் நூல் மெலிசு. குண்டு மாட்டினால் நூல் அறுந்து குண்டு மட்டும் போகும். முள்ளும் மீனும் மேலே வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றதும் இதைக் கற்றதும் யாரிடமும் போய்க் கை கட்டி நின்று அல்ல.

அதை நீ நாற்பதாயிரம் பேரிடம் எப்படிச் சொல்கிறாய்? "நான் ஒரு சின்ன டெக்னிக் வெச்சிருக்கேன்." நானாம்! வெச்சிருக்கேனாம்!

பேச்சுதான் அப்படி என்றால் தோரணை அதற்கு மேல் இருக்கிறது. அந்த வெயிலில் வலது கையில் மட்டும் கறுப்பு உறை மாட்டிக்கொண்டிருக்கிறாய். முடிச்சு போடும்போது நரம்பின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் முடிகிறாய். சினிமாக்காரன் என்று நினைப்பா? இரண்டு கையாலும் ஒழுங்காக முடிச்சு போடுகிறவனாகத்தானே உன்னை இங்கிருந்து அனுப்பினேன்? உன் அண்ணியிடம் காட்டிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உன்னை ஏதாவது சொன்னால் அவளுக்கு எப்போதும் பொறுக்காது.

இனி எழுதுவது தனிப் பக்கம். நாலாம் பக்கம். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே.

முள் பாறையிலோ கப்பலிலோ மாட்டிக்கொண்டால் நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள் என்று சொல்கிறாய். சொல்லிவிட்டு, "எனக்குச் சொல்லிக் குடுத்தவரு கைல சுத்தித்தான் இழுக்கச் சொன்னாரு. அது தப்பு. ரொம்பப் பெரிய தப்பு" என்கிறாய். நல்லதைச் சொன்ன இடத்திலெல்லாம் நான் இல்லை. தப்பைச் சொல்ல வேண்டி வந்ததும் சொல்லிக் கொடுத்தவன் வந்துவிட்டான். நாற்பதாயிரம் பேருக்கு முன்னால் என்னை நிற்க வைத்து அடித்திருக்கிறாய். குண்டை நூலில் கட்டத் தொடங்கிய பிறகு முப்பத்தைந்து வருஷம் நான் கையில் மூன்று சுற்று சுற்றித்தான் இழுத்தேன். ஒரு முள்ளை விட்டதில்லை. நரம்பைப் படகின் கட்டையில் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டுமாம். உன் கை என்ன பூவா? அப்படி என்ன போய்விடும், விரலா கழன்று விழுந்துவிடும்? கைக்குப் பயப்படுகிறவன் தூண்டிலைத் தொடவே கூடாது. பயந்தவன் பயந்தவனாக இருந்துகொள்ளட்டும், அதற்காக என்னைத் தப்பு என்று சொல்லக் கூடாது.

ஐந்தாம் பக்கம். இதோடு முடிக்கிறேன். உன் வீட்டுக்காரி வளர்மதி போன வாரம் வந்து, மோனிகா கல்யாணத்தில் நானே தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று நீ கேட்டதாகச் சொன்னாள். அப்போது எனக்கு மனம் குளிர்ந்தது உண்மை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். பெற்ற தகப்பன் குத்துக்கல்லாக இருக்கும்போது பெரியப்பன் எதற்குத் தாரை வார்க்க வேண்டும்? அந்தத் தப்பு என்ற வார்த்தையை வீடியோவிலிருந்து எடு. எடுக்காவிட்டால் ஆவணியில் நடக்கிற கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். மணவறையில் மட்டுமில்லை, பந்தியில்கூட என்னைப் பார்க்கமாட்டாய்.

பதிலைக் கையால் எழுது. செல்லில் பேசி அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
பச்சமுத்து


செஞ்சி
20.5.2025

தம்பி நெடுமாறனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

கையால் எழுது என்று எழுதினேன். நீ மறுபடியும் பேசித்தான் அனுப்பியிருக்கிறாய். உன் அண்ணி செல்லை என் காதில் வைத்தாள். "ணா, நல்லாக்கிறியா? வெயில்ல அலையாத ணா. நூலு வெச்சு குண்டு கட்டுறது உன்னுதுதான், சொல்லாதது என் தப்புதான். அடுத்த வீடியோல உன் பேர சொல்றேன். ஆனா கைல சுத்தக் கூடாதுன்னு சொன்னத மட்டும் எடுக்கமாட்டேன். நாலு பேரு கேட்டு நடக்கட்டும். அப்புறம், நாலாம் பக்கம் வர்லியே, அதுல இன்னா எழுதியிருந்த?" இதுதான் உன் பதில்.

நாலாம் பக்கம் வரவில்லையா? யாரிடம் கதை விடுகிறாய்? அனுப்பினேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். மூன்றும் ஐந்தும் வந்து நடுவில் நாலு மட்டும் கடலில் விழுந்துவிட்டதா? பதில் சொல்ல முடியாதவன் படிக்கவில்லை என்பான். சரி, நான் திருப்பி எழுதப்போவதில்லை. எழுதியது எழுதியதுதான்.

ஒன்று கேட்கிறேன். ஐ.டி.ஐ. படிக்கும்போதே உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மஸ்கட் போன பிறகும் மாதம் தவறாமல் எழுதுவாய். அந்தக் கடிதங்களை நான் காந்தி பஜாரில் டீக்கடையில் எடுத்துக் காட்டியிருக்கிறேன், எழுத்தைப் பாருங்கடா என்று. ஒன்றரை வருஷமாக ஒரு வரி இல்லை. செல்லில் வளவளவென்று பேசத் தெரிகிறது. பேனா பிடிக்க மட்டும் நேரமில்லையா? உன்னை ஃபிட்டர் வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, புரமோஷன் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். உட்கார்ந்த வேலை கிடைத்ததும் அண்ணனுக்கு எழுதுவது கசந்துவிட்டதா? போன பொங்கலுக்கும் வரவில்லை. அதற்கு முந்தின பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டும் வரவில்லை. இதெல்லாம் கணக்கில் வைக்காமல் இருக்க நான் கல் இல்லை.

இப்போது நான் செய்ததைக் கேள். போன வெள்ளிக்கிழமை உன் அண்ணியை டி.வி.எஸ்.ஸில் உட்கார வைத்து குவாரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ வீடியோ போட்டால் நானும் போடுவேன் என்றுதான். மே மாதப் பாறை, நிற்க முடியாத சூடு. கோணி போட்டு நின்றேன். வேண்டுமென்றே முள்ளை டிரெய்லரின் சக்கரத்தில் மாட்டினேன். நரம்பைக் கையில் மூன்று சுற்று சுற்றினேன். பின்பக்கமாக நாலு அடி நடந்தேன். முள் நிமிர்ந்து வெளியே வந்துவிட்டது. என் கையில் சிவப்புக் கோடு மூன்று, அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

இதைப் படம் பிடிக்கச் சொன்னால் உன் அண்ணி என் காலையும் கோணியையும்தான் பிடித்திருக்கிறாள். கை விழவே இல்லை. செல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. "இன்னாடி இது, கையப் புடிக்கச் சொன்னா கோணியப் புடிச்சிருக்க" என்று கத்தினேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு கண்ணுல குத்துது யா, எனக்குத் தெரியல. வா போலாம், இனிமே இத சுத்தாத" என்றாள். அவளும் உன் கட்சிதான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வீட்டுச் செய்தி, கேட்காவிட்டாலும் சொல்வது என் கடமை. வேர்க்கடலை பிடுங்கியாயிற்று, காய் பரவாயில்லை. போர் தண்ணீர் இறங்கிவிட்டது. கரண்ட் பகலில் வருகிறது, போகிறது. பந்தல்காரனுக்கும் சமையல்காரருக்கும் வளர்மதி முன்பணம் கொடுத்துவிட்டாள். பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் மாதிரி வந்திருக்கிறதாம். அழைப்பவர்கள் என்று மேலே என் பெயரைப் போட்டிருக்கிறாளாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பீரங்கிமேட்டில் உன் வீட்டுக்குப் போகிறேன். என் பெயரை எடுக்கச் சொல்லப்போகிறேன். நம் நைனா சாகிற அன்றைக்கு உன்னை என் கையில் பிடித்துக் கொடுத்தார். அப்போது உனக்குப் பதினான்கு வயது. அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒரு நல்ல காரியம் நான் இல்லாமல் நடந்ததில்லை. இது நடக்கும். நீ பிடித்த பிடியில் நில். நானும் நிற்கிறேன்.

பச்சமுத்து


செஞ்சி
26.5.2025

நெடுமாறா,

இதுவும் கோபத்தில் எழுதுகிற கடிதம்தான். யார்மேல் கோபம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. எல்லாருக்கும் பங்கு உண்டு. உனக்கும் உண்டு.

நேற்று வளர்மதி வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. மேசைமேல் பத்திரிகை மாதிரி இருந்தது. எடுத்து, என் பெயரின் மேல் விரலை வைத்து, இதை எடுத்துவிடு என்றேன். அவள் அழுவாள், கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. "எடுத்துடலாம் மாமா. ஆனா அவரு கையப் பாத்துட்டு அப்புறம் எடுக்கச் சொல்லுங்க" என்று செல்லில் ஒரு படத்தைக் காட்டினாள்.

வலது கை. சுண்டுவிரல் இல்லை. மோதிர விரல் இல்லை. நடுவிரல் பாதி மடங்கியபடி அப்படியே நிற்கிறது.

முதலில் யாருடைய கை என்று கேட்டேன். கேட்டுவிட்டு நானே செல்லைக் கீழே வைத்தேன். அம்மை போட்டபோது கட்டை விரலடியில் உனக்கு விழுந்த வடு எனக்குத் தெரியாதா?

அவள் நின்றுகொண்டேதான் சொன்னாள். "முந்தின வருஷம் மார்கழில மாமா. வெள்ளிக்கிழமை லீவுன்னு நாலு பேரா சின்னப் படகு எடுத்துக்கினு போனாங்களாம். மூழ்கின கப்பல்மேல தூண்டில் போட்டிருக்காங்க. முள்ளு போயி இரும்புல மாட்டிக்கிச்சாம். கூட இருந்தவங்க அறுத்துவுடுன்னு சொல்லியிருக்காங்க. இவரு, எங்கண்ணன் ஒரு முள்ள வுட்டதில்லன்னு சொல்லிட்டு, ரீலப் பூட்டிட்டு, நரம்பக் கைல மூணு சுத்து சுத்திக்கினு இழுத்தாராம். அந்த நேரம் பாத்து அலை படகத் தூக்கிடுச்சாம். அவ்ளோதான் மாமா."

எங்கண்ணன் ஒரு முள்ளை விட்டதில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் சுற்றியிருக்கிறாய்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவள் பயப்படவில்லை. "அவரு மோனிகா தலைமேல சத்தியம் வாங்கிட்டாரு. அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரிதான் சுத்தினேன், அது தெரிஞ்சா அண்ணன் தாங்காது, அப்புறம் தூண்டிலையே தொடாதுன்னாரு. சத்தியத்த இன்னிக்கு நான் ஒடச்சுட்டேன். அவரு திட்டினா திட்டட்டும்" என்றாள். பிறகு தண்ணீர்ச் செம்பை மறுபடியும் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணியிடம், உனக்குத் தெரியுமா என்று ஒரே வார்த்தைதான் கேட்டேன். "தெரியும். வளர்மதி அப்பவே என்கிட்ட வந்து அழுதா" என்றாள். உள்ளே போய் ரேஷன் கார்டு உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டாள். நான் எழுதிய நாலாம் பக்கம். "என் கையால இத அவனுக்கு அனுப்பமாட்டேன். ஒனக்கு வேணும்னா நீயே போய் அனுப்பிக்க" என்றாள். நாற்பத்திரண்டு வருஷமாக என்னோடு வாழ்கிறவள். என்னிடம் அவள் சொன்ன முதல் பொய், அதை அனுப்பிவிட்டேன் என்று சொன்னதுதான்.

ஆக, என் வீட்டில், உன் வீட்டில், எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் வாய்க்குப் பயந்தீர்கள் என்று நினைத்துத்தான் முதலில் கொதித்தேன். ராத்திரி முழுதும் யோசித்தபோது தெரிந்தது, என் வாய்க்குப் பயந்து மறைக்கவில்லை, என்னை ஏதோ உடையக்கூடிய பாத்திரம் போல வைத்திருக்கிறீர்கள். அது இன்னும் பெரிய அவமானம். ஒன்றரை வருஷம் நீ இடது கையால் சோறு தின்றிருக்கிறாய், நான் இங்கே உன் எழுத்தைக் காணோமே என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்டோர் வேலையைப் புரமோஷன் என்று டீக்கடையில் சொல்லி நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். நீ செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன்.

இப்போது தூண்டில் விஷயம். அதைப் பேசாமல் முடிக்க முடியாது.

காலையில் விடிந்ததும் குவாரிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நான் நிற்பது பாறை. அது நகராது. கையில் சுற்றி இழுக்கிறேன், வலித்தால் ஒரு அடி முன்னால் வைக்கிறேன், நரம்பு தளர்ந்துவிடும். இழுப்பதும் நான், விடுவதும் நான். படகில் இருப்பவன் அப்படி இல்லை. அவன் இழுப்பதை விட்டாலும் கடல் விடாது. கீழே கப்பல் அசையாது, மேலே அலை தூக்கும், நடுவில் இருப்பது கை மட்டும்தான். அதோடு, என் நரம்பு நைலான். இழுத்தால் கொஞ்சம் நீளும், சுற்றியது நழுவும். உன் வீடியோவில் காட்டுகிறாயே, பின்னிய நூல் போல மெலிசாக, அது நீளவே நீளாதாம். நீயே சொல்கிறாய். நீளாதது கத்திதான். நூல் கட்டிய குண்டும் அங்கே உன்னைக் காப்பாற்றியிருக்காது. மாட்டியது குண்டில்லை, முள். இதையெல்லாம் நான் ஒரு தரமாவது யோசித்திருக்க வேண்டும். கடலையே இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன், இரண்டு தரமும் மரக்காணத்தில் கரையில் நின்று. குட்டையில் நின்றுகொண்டு கடலுக்குச் சட்டம் எழுதியவன் நான். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று முன்பு பெருமையாக எழுதினேன். யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

இனி நான் சொல்வதைச் செய். இதில் பேச்சு வார்த்தைக்கு இடமில்லை.

வீடியோவிலிருந்து அந்த வார்த்தையை எடுக்காதே. தப்பு என்று சொன்னாய் அல்லவா, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் சொல்லிக் கொடுத்தவர் என்று மொட்டையாக இருக்கக் கூடாது. பெயரைச் சேர். செஞ்சி பச்சமுத்து, என் அண்ணன், அவர் சொன்னது தப்பு என்று சொல். சொல்லிவிட்டுக் கறுப்பு உறையைக் கழற்றிக் கையைக் காட்டு. நாற்பதாயிரம் பேரும் பார்க்கட்டும். இங்கே என்னைப் போல எத்தனை பேர் பாறையில் நின்று பழகிவிட்டுப் பிழைக்கப் போன இடத்தில் படகு ஏறுகிறார்களோ. நூல் கட்டுவதற்கு என் பெயரைப் போடுகிறேன் என்றாயே, அது வேண்டியதில்லை. போட்டாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

நான் தூண்டிலைத் தொடமாட்டேன் என்று பயந்தாய். தொடுவேன். நாளைக்கும் போவேன். பையில் ஒரு சாண் வேப்பங்கட்டை செதுக்கி வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று உனக்குத் தெரியும்.

பத்திரிகையில் என் பெயர் இருக்கும். வளர்மதியிடம் காலையிலேயே சொல்லியாயிற்று. ஆனால் தாரை நான் வார்க்கமாட்டேன். நான்தான் வார்க்க வேண்டும் என்று எதற்காகக் கேட்டாய் என்று இப்போது தெரிகிறது. மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் உன் வலது கைமேல்தான் மகள் கையை வைக்க வேண்டும். அதைக் காட்ட உனக்கு மனமில்லை. வைப்பாய். எத்தனை விரல் இருக்கிறதோ அத்தனை விரலோடு வைப்பாய். உன் கை நடுங்கினால் கீழே என் கை இருக்கும். எவனாவது பார்த்துக் கேட்டால் நான் பதில் சொல்கிறேன், என்ன நடந்தது, யார் சொல்லிக் கொடுத்தது என்று. ஆடி முடிவதற்குள் டிக்கெட் போட்டுவிடு. போட்டுவிட்டு மறுபடியும் வராமல் இருந்தால் நானே மஸ்கட்டுக்கு வந்து இழுத்துக்கொண்டு வருவேன்.

இந்தக் கடிதத்தோடு நாலாம் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். உன் அண்ணி மாட்டேன் என்றாள். கடைசியில் நானே செல்லை வாங்கி, இரண்டு தரம் தப்பாகப் பிடித்து, மூன்றாம் தரம் சரியாகப் பிடித்திருக்கிறேன். இதற்குப் பின்னால் வரும். படி. உன்னைப் பற்றி நான் எழுதியது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. எழுதவில்லை என்று நான் மறைக்கமாட்டேன், உன்னைப் போல மறைக்க எனக்கு வராது. படித்துவிட்டு என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் செல்லில் திட்டாதே. எழுதித் திட்டு. இடது கையால் எழுது. கோணல் மாணலாக, எழுத்து ஒன்றுமேல் ஒன்று ஏறி, ஒரு பக்கத்துக்கு மூன்று வரிதான் வருமென்றாலும் எழுது. முதல் வகுப்பில் சிலேட்டில் உன் கையைப் பிடித்து அ போட வைத்தவன் நான், உன் எழுத்து எனக்குப் புரியும்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும். மீதியிருக்கிற விரல்களுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும்.

எப்படி இருக்கிறாய் தம்பி?

அண்ணன்
பச்சமுத்து